காலி வானத்துத் துடிப்பு

இல்ல சார், காலேஜ்லேர்ந்து உங்கள விசாரிக்க அனுப்பியிருக்காங்க, கரெக்ட்தான். ஆனா எங்க சாஃப்ட்வேர் தப்புன்னு வந்த அந்த மொட்டைக் கடிதத்த பிளஸ்ஸிதான் போட்டான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவ என்ன பண்ணான்னு கேட்டுக்கோங்க.

பல்சார்னா செத்துப்போன நட்சத்திரம். சுத்திக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு எக்ஸ்ரே துடிப்பு. கடிகாரம் மாதிரி வரும். அது வர்ற நேரத்த வெச்சு விண்கலம் தான் எங்க இருக்கோம்னு கண்டுபிடிச்சுக்கலாம். ஆனா வந்து சேர்றது கொஞ்சூண்டு, மீதி பூரா இரைச்சல். அந்த இரைச்சல நீக்கிட்டு துடிப்ப மட்டும் காட்டுற சாஃப்ட்வேர்தான் நாங்க எழுதினது. நான் கைடு, பிளஸ்ஸி என் பிஎச்டி ஸ்டூடண்ட். ஊரப்பாக்கத்துலேர்ந்து தாம்பரத்துக்கு தினம் ட்ரெயின்ல வருவா.

டீ ஆறுது, குடிங்க.

அதப் பத்தி எழுதின பேப்பர் ஜர்னல்ல அக்செப்ட் ஆன வாரம் அவ வந்து லேப்டாப்ப என் பக்கம் திருப்புனா. அழகான துடிப்பு. இது எந்தப் பல்சார்னு கேட்டேன். எதுவுமே இல்ல மேடம், வெறும் வானத்தப் பாத்து எடுத்த டேட்டா, இரைச்சல் மட்டும்தான் குடுத்தேன், நாம எதிர்பாக்குறத நம்ம சாஃப்ட்வேரே வரைஞ்சு குடுக்குதுன்னா.

நான் என்ன சொன்னேனா? அந்த ஃபைல டெலிட் பண்ணுன்னேன். ப்ரமோஷனுக்கு அந்தப் பேப்பர் வேணும் எனக்கு. ஆமா, எழுதிக்கோங்க. அவ சண்டையெல்லாம் போடல. பேப்பர்லேர்ந்து தன் பேர எடுத்துடச் சொன்னா, பிஎச்டியையே விட்டுட்டா. இப்ப பீர்க்கன்கரணைல ஒரு ஸ்கூல்ல ஒன்பதாவதுக்கு சயின்ஸ் எடுக்குறா.

எனக்கு ப்ரமோஷன் வந்துது. சர்ச்லகூட அனவுன்ஸ் பண்ணாங்க. போன மாசம் ஒரு கம்பெனிக்காரங்க வந்து, எங்க சாட்டிலைட்ல இததான் போடப்போறோம்னாங்க. சிரிச்சுக்கிட்டே கைகுடுத்தேன். அந்த சாட்டிலைட் வழி தப்புனாலும் அதுக்குத் தெரியாது சார். சரியாத்தான் போறோம்னு நெனச்சுக்கிட்டே போகும். ரெண்டு வாரம் எனக்கு சோறு எறங்கல.

கடிதத்துல இருக்குற இந்தக் கம்பெனி விஷயமே பிளஸ்ஸிக்குத் தெரியாது. அவள கூப்பிட்டு அலைய வைக்காதீங்க, ஸ்கூல்ல சும்மா லீவு குடுக்க மாட்டாங்க.

கடிதம் என் வீட்டு பிரிண்டர்ல எடுத்தது. பெருங்களத்தூர் போஸ்ட் ஆபீஸ்ல நானே போட்டேன். பேர் போட மட்டும் தைரியம் வரல.

எப்சி. ப்ரொஃபசர் எப்சின்னே எழுதுங்க, இப்போதைக்கு. கையெழுத்து இங்கயா சார்?