பதினாலாயிரம் கிலோமீட்டர்

ஸ்ரீகண்டன்: மறுபடி சொல்லு. உன் பிள்ளை சுஹாஸ் எத்தனை மணிக்குக் கிளம்பினான்?

ருக்மிணி: எத்தனை தடவைன்னா சொல்றது! அங்கே நேத்து ராத்திரி எட்டு மணிக்கு. சான் ஃப்ரான்சிஸ்கோலேர்ந்து நேரா பெங்களூர்.

ஸ்ரீகண்டன்: தூரம்?

ருக்மிணி: நான் என்ன அளந்தா பார்த்தேன்?

ஸ்ரீகண்டன்: பதினாலாயிரம் கிலோமீட்டர். எத்தனை மணி நேரம்?

ருக்மிணி: பதினேழு மணி நேரமாம்.

ஸ்ரீகண்டன்: அப்போ எப்போ இறங்குவான்?

ருக்மிணி: எட்டும் பதினேழும்... இன்னிக்கு மத்யானம் ஒரு மணி.

ஸ்ரீகண்டன்: இப்போ மணி அஞ்சு. நாலு மணி நேரமா ஏர்போர்ட்ல என்ன பண்றான்? பெட்டிக்குக் காவலா?

ருக்மிணி: கிண்டல் பண்ணாதேங்கோ. லேட்டா இருக்கும்...

ஸ்ரீகண்டன்: அங்கே ராத்திரி எட்டுன்னா இங்கே காலம்பர எட்டரை. அதுலேர்ந்து எண்ணு. நடுராத்திரி ஒன்றரைக்குத்தான் இறங்கணும். இந்த ஒரு மணிக் கணக்கை வேற யார்கிட்டயாவது சொன்னியா?

ருக்மிணி: வனஜா மாமி ஃபோன் பண்ணினா...

ஸ்ரீகண்டன்: சம்பந்தி மாமிகிட்டயா!

ருக்மிணி: நாளைக்கு நம்ம அம்ருதாவுக்கு நிச்சயதார்த்தம், அவ அண்ணா வந்துட்டானான்னு கேட்டா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

ஸ்ரீகண்டன்: கூப்பிட்டு, அவசரத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. ரகுராம் லேசுப்பட்ட சம்பந்தி இல்லை. என் மாட்டுப்பொண்ணோட அண்ணா அமெரிக்காவுலன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கார். மாப்பிள்ளை வேற ஏர்போர்ட்டுக்கு வரேங்கறார்.

ருக்மிணி: வேண்டாம்! ... அதாவது, அர்த்தராத்திரியில அவருக்கு எதுக்கு சிரமம்?

ஸ்ரீகண்டன்: வேண்டாம்னு சொல்லிட்டேன். உனக்கு ஏன் இப்படி வேர்க்கறது?

ருக்மிணி: அடுப்பு முன்னாடி நின்னா வேர்க்காதா?

ஸ்ரீகண்டன்: கடைசியா எப்போ பேசினான்?

ருக்மிணி: மூணு மணிக்கு. சாப்டியாடான்னு கேட்டேன், அவன்...

ஸ்ரீகண்டன்: மூணு மணிக்கு அவன் ஃப்ளைட்ல இருக்கணும், ருக்கு.

ருக்மிணி: ஃப்ளைட்ல... வைஃபை இருக்காம்.

ஸ்ரீகண்டன்: ம். அது தேவலை. அதையே சொல்லு.

ருக்மிணி: யார்கிட்ட?

ஸ்ரீகண்டன்: கேக்கறவாகிட்ட.

ருக்மிணி: என்னன்னா சொல்றேள்... எனக்கு ஒண்ணும் புரியலை.

ஸ்ரீகண்டன்: அலமாரியில அமெரிக்கா சாக்லேட்னு வச்சிருக்கியே, டப்பாவுல ரூபாய் விலை ஒட்டியிருக்கு. உரிச்சுடு.

ருக்மிணி: உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?

ஸ்ரீகண்டன்: ஆடி மாசத்துலேர்ந்து. எலெக்ட்ரானிக் சிட்டியில சிநேகிதன் சின்னப்பாவைப் பார்க்கப் போனேனே, அன்னிக்கு. அங்கே பஸ் ஸ்டாப்புல சுஹாஸ் நின்னுண்டிருந்தான். பாதியா இளைச்சுப் போயிருந்தான். என்னைப் பார்த்துட்டா கூசிப் போவானேன்னு ஒரு தூணுக்குப் பின்னாடி போய் நின்னுட்டேன்.

ருக்மிணி: அமெரிக்காவுல வேலை போயிடுத்து. நாலு மாசமா இங்கேயே ஒரு பிஜி ஹாஸ்டல்ல இருக்கான். அப்பா தலை குனியப்படாது, சொல்லாதேம்மான்னு கையைப் பிடிச்சுண்டு அழுதான். நீங்க... ஒரு வார்த்தை கேக்கலையே!

ஸ்ரீகண்டன்: கேட்டா நீ சொல்லியிருப்பே. அப்புறம் நான் கோவிச்சுண்டாகணும். அதெல்லாம் நாளைக் கழிச்சு வச்சுக்கலாம். எலெக்ட்ரானிக் சிட்டிலேர்ந்து ஜோகுபாளையத்துல நம்மாத்துக்கு இருபது கிலோமீட்டர். இந்த டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம். இப்பவே கிளம்பி வரச் சொல்லு, சூடா நாலு வாய் சாப்பிடட்டும். பின்வாசல் வழியா வரட்டும், உள் ரூம்ல படுத்துக்கட்டும். யார் கேட்டாலும் ராத்திரி ஒன்றரை வரைக்கும் அவன் ஃப்ளைட்லதான் இருக்கான். புரிஞ்சுதா?