கருங்கல் கரைமேல் அடுப்பு வேண்டாம்

மேயர் அம்மா அவர்களே, துணை மேயர் ஹெஸ்கத் அவர்களே, எங்கள் கரையின் பூர்வகுடிகளான மாவோரிப் பெரியோரே, அக்காவை வழியனுப்ப மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்த நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். நயமாகப் பேச எனக்கு வராது. கட்டடக்கலைப் படிப்பைப் பாதியில் விட்டவன். மேடைப் பேச்சைப் படிக்கத் தொடங்கவே இல்லை.

நம் துறைமுகச் சதுக்கத்தை வடிவமைத்த அக்கா ராவினியா தௌதாரி போய்விட்டார். அவர் வேலை இன்னும் முடியவில்லை. அதற்குள் நாளைக் காலை நகர மன்றத்தில் அதன்மேல் வாக்கெடுப்பு.

அவர் என்ன கேட்டார்? கோபுரம் கேட்டாரா? தன் பெயர் பொறித்த பலகை கேட்டாரா? மண்ணைக் கொட்டிக் கடலை மூடுவதற்கு முன் கரை எங்கே இருந்ததோ, அங்கே தரையில் ஒரு கருங்கல் கோடு. அதை ஒட்டி, நம் முன்னோர் தங்கள் இறந்தவர்களைப் படகிலிருந்து இறக்கிய துறை. அதைக் கடந்து வருகிறவர்கள் கை கழுவ ஒரு நீர்த்தொட்டி. அவ்வளவுதான்.

மன்றத்தின் ஆலோசகர்கள் முதலில் கொண்டுவந்த படத்தில் தூணெல்லாம் சுருள் சுருளாக நம் மாவோரிக் கோலம். துறை இருந்த இடத்திலோ பொரித்த மீன் கடை. அக்கா படத்தைக் கவிழ்த்து வைத்தார். "நாலு சுருளை ஒட்டிட்டா எங்க இடம் ஆயிடுமா? செத்தவங்கள இறக்கின இடத்துல திங்கக் கூடாதுன்னு எங்க வீட்டு வாண்டுக்குக்கூடத் தெரியும்."

துணை மேயர் சிரித்தார். "அட போங்கம்மா, கடல் போயே நூறு வருஷம் ஆச்சு. இன்னும் என்ன கரை?"

"உங்க தாத்தா போயும்தான் ரொம்ப வருஷம் ஆச்சு ஹெஸ்கத். அவர் கல்லறை மேல அடுப்பு வெச்சுக்கட்டுமா?"

மன்றம் மீன் கடையைக் கைவிட்டது. கோட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. கல்லும் பதித்தாகிவிட்டது. ஆனால் எங்கள் வழக்கப்படி நாங்கள் அக்காவின் உடலைச் சுற்றிப் படுத்துக் கிடந்த இந்த நாட்களில், அதே மீன் கடை மறுபடி மன்றத்துக்கு வந்தது. அவர் உயிரோடு இருந்தவரை கொண்டுவரத் துணியாத தீர்மானம் அது.

பின்வரிசையில் மாமா முனகுவது கேட்கிறது. "டேய் ரெவி, சாவு வீட்ல சண்டை இழுக்காதடா." மாமா, நம் வழக்கத்தில் வேறு எங்கே சண்டையைத் தீர்த்திருக்கிறோம்? போனவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாருக்குப் பொய் சொல்ல வாய் வரும்?

அக்கா, போய் வா. முன்னே போனவர்களோடு சேர்ந்துகொள். கோட்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போ.

எங்கள் வழக்கத்தில், விருந்தாளி வந்தால் அவர் முன்னால் பச்சைக் கிளையை வைப்போம். எடுத்தால் சமாதானமாக வந்திருக்கிறார் என்று பொருள். ஹெஸ்கத் ஐயா, உங்கள் குடும்பம் இந்த ஊரில் நாலு தலைமுறை. இந்தக் கரைக்கு நீங்கள் இன்னும் விருந்தாளிதான். இதோ, உங்கள் காலடியில் வைக்கிறேன். எடுத்தால், துறையின் மேல் கடை இல்லை என்று மேயர் முன்னால் வாக்குக் கொடுத்ததாக ஏற்றுக்கொள்வோம். எடுக்காவிட்டால், முதல் அடுப்பு வந்து இறங்கும்போது அந்தக் கருங்கல் மேல் நாங்கள் நிற்போம்.

பேச்சு முடிந்தால் எல்லோரும் எழுந்து பாடுவது நம் வழக்கம். எழுந்துவிட்டார்கள், பாருங்கள். வழியனுப்பும் பாட்டா, போருக்கு அழைக்கும் பாட்டா என்பது நீங்கள் குனிவதைப் பொறுத்தது, ஐயா.