டயர் இல்லாத சைக்கிள்

மிதிக்கிறேன். ஒரு செல், பீரங்கிக் குண்டு, கடலுக்குள் விழுகிறது. பதினொன்று எண்ணுகிறேன். அடுத்தது பனைகளுக்கு அங்கால். செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்குக் கரை. கரண்ட் இல்லாத பத்தொன்பதாம் நாள்.

என் கணவர் அந்தோனி கதிரையில். ஆஸ்துமா. முகத்தில் மருந்துப் புகை மூடி. ஸ்டாண்டில் ஏற்றி வைத்த சைக்கிளை நான் மிதித்தால் லொறி டைனமோ சுற்றும், பற்றரி ஏறும். இன்வேட்டர் அதை வீட்டுக் கரண்டாக மாற்றும். ஒரு பல்பு, ரேடியோ, அவருடைய புகை மெசின். அவ்வளவும் என் காலில்.

முதல் நாள் அவர் சிரித்தார். "நீ மிதிச்ச மிதிக்கு இப்ப கந்தளாய்க்குப் போய்ச் சேர்ந்திருக்கலாமடி."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எதற்கும் பயம். பெல்ட் வழுக்குமோ என்று பயந்து பின் டயரைக் கழற்றினேன். வெறும் ரிம்மில் பெல்ட் போட்டேன். மாற்று பியூஸ் வைத்திருந்தேன். மாற்றுப் பெல்ட்டும். ஓட வேண்டி வரும் என்று மட்டும் நினைக்கவில்லை. டயரைப் பக்கத்து வீட்டுத் தவம் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த செல்லில் குசினிக் கூரை போகிறது. ஓடு கொட்டுகிறது. இன்வேட்டர் கீ, கீ என்று கத்துகிறது. பிறகு அதுவும் இல்லை, புகை மெசினும் நிற்கிறது.

தவம் அண்ணன் வாசல் ஒழுங்கையில் சைக்கிளோடு நின்று கத்துகிறார். "பிள்ளை! அவரைச் சைக்கிளில ஏத்து! கோயிலடியில அம்புலன்ஸ் நிக்குதாம்!"

தவம் அண்ணனுடைய கரியரில் அவர் மனைவி, மடியில் கைக்குழந்தை. பாரில் மூத்தவள். என் டயரில் போனார்கள். பிழைத்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அந்தோனியைக் கரியரில் இருத்தித் தள்ளினேன். ரிம் மணலுக்குள் இறங்கியது. தூக்கினேன். மறுபடி இறங்கியது. சைக்கிளைப் போட்டுவிட்டு அவரைத் தோளில் சாய்த்து நடந்தேன்.

"ஏலாதடி. நீ ஓடு."

ஓடவில்லை. அவருடைய மூச்சு விசில் மாதிரி வந்தது. கோயிலின் மணிக்கோபுரம் தெரிந்தது. பத்து ஐம்பதுக்கு விசில் நின்றது.

செத்தவர்களைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். உடம்பில் காயம் இல்லையே, அவர் ஆஸ்துமா வருத்தக்காரர்தானே என்றார்கள். நோயில் செத்தவர் என்று வேறு தாளில் எழுதினார்கள். செல்லில் செத்தவர்கள் என்று கோயில் சுவரில் எழுதிய பெயர்களில் இன்றைக்கும் அவருடையது இல்லை.

எங்கள் ஒழுங்கையில் போனவை: வீடுகள் மூன்று. ஒரு கிணறு. ஆடுகள் இரண்டு. ஆட்கள் நாலு பேர் என்று சுவரில் இருக்கிறது.

ஐந்து பேர்.