கொத்தமல்லிக் கட்டு

– உது கொத்தமல்லி இல்லை. திருப்பி வையுங்கோ.

– பச்சையாத்தானே இருக்கு.

– பச்சையா இருக்கிறதெல்லாம் கொத்தமல்லியோ? உது பேற்றர்லி, வெள்ளையளின்ர பாஸ்லி இலை. மணந்து பாருங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? மாடுகூட மணந்து பாத்துத்தான் வாய் வைக்கும்.

– மாட்டுக்கு மூக்குப் பெரிசு, றீற்றா. என்ரை எண்ணெய் குடிச்ச மூக்கு. கெபாப் கடை அடுப்படியில நிண்டு நிண்டு மணமே விட்டுப்போச்சு.

– பகிடி விடாதேங்கோ. திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனாப்பிறகு ஆர் உங்களுக்கு ரசத்துக்குக் கொத்தமல்லி எடுத்துத் தாறது?

– ஒரு ஒப்பரேசன். ரெண்டு கிழமை. ரெண்டு கிழமை ரசம் குடிக்காட்டில் நான் செத்துப்போவனோ?

– ஆர் செத்துப்போற கதை கதைச்சது இப்ப?

– சரி, சரி. முகத்தை அப்பிடி வைச்சிருக்காதை. இதுவோ கொத்தமல்லி?

– ஓம், அதுதான். பேற்றர்லி இலை முனை கூரா இருக்கும். இது ஓரம் வட்டம், மெல்லிசு. இஞ்சேருங்கோ, வடிவாப் பாத்து மனதில வையுங்கோ. விளங்குதோ?

– விளங்குது, விளங்குது. நீ வண்டிலில சாயாதையப்பா. அது உருண்டு உன்னையும் விழுத்திப்போடும். உந்த வாங்கில கொஞ்ச நேரம் இருவன்.

– நான் இருந்தால் ஆர் காட்டுறது? கடை பூட்டப்போறாங்கள். நாளைக்கு ஞாயிறு. ஸ்ரேசனுக்குள்ள இருக்கிற கடையைத் தவிர இந்த ஷ்லீரன் ஊரில ஒண்டும் திறவாது. அங்க பாணுக்குக்கூட யானை விலை. சனிக்கிழமையே எல்லாம் வாங்கிப் போட்டிட வேணும். அதுக்காகக் காலமை வந்து நிக்காதேங்கோ. பூட்டுற நேரமாப் பாத்து வந்தால் இறைச்சியில, பாணில எல்லாம் பாதி விலை ஸ்ரிக்கர் ஒட்டி வைச்சிருப்பினம்.

– மற்றவன் வேண்டாமெண்டு விட்டதை நான் வாங்கித் தின்னுறதோ?

– இவ்வளவு காலமும் வேறை என்னத்தைத் திண்டனீங்கள் எண்டு நினைச்சியள்? ஷரோன் வளந்ததும் றெக்சன் வளந்ததும் அந்த ஸ்ரிக்கரிலதான். சமைச்சு மேசையில வைச்சால் ஸ்ரிக்கர் தெரியிறேல்லை, அவ்வளவுதான்.

– எனக்கொரு நாளும் நீ சொல்லேல்லையே.

– நீங்கள் வீட்டை வாறது சாமத்தில. முழிச்ச கண்ணோட சோத்தைப் போட்டுத் தாற நேரத்தில ஸ்ரிக்கர்க் கதையே சொல்லுறது?

– அது சரி. கோழி எடுக்கட்டோ? இஞ்ச, வெள்ளையா, நல்ல கொழுப்பா இருக்கு.

– வேண்டாம், வேண்டாம். உந்தக் குஞ்சுக் கோழி கறியில கரைஞ்சு போகும், எலும்புதான் மிஞ்சும். அடித் தட்டில பாருங்கோ, சூப்புக்கெண்டு முட்டை இட்டு முடிச்ச கோழி கிடக்கும். வெள்ளைக்காரர் அதைத் தொடமாட்டினம். அதுதான் எங்கட கறித்தூளுக்கு நிண்டு பிடிக்கும். கன நேரம் அவிய விடவேணும், அவசரப்பட்டு இறக்காதேங்கோ.

– இதுவோ?

– அது வான்கோழி. என்ர மாதாவே! உங்களை எப்பிடி விட்டிட்டு நான் படுக்கிறது?

– அதுதான் சொல்லுறன், படுக்காதை எண்டு.

– தக்காளியை எடுங்கோ. அமத்திப் பாராதேங்கோ, அந்த மனுசி பாக்குது. பெரிசு எல்லாம் பாக்கத்தான் வடிவு, வெட்டினால் தண்ணி. நீட்டு நீட்டா இருக்குதே, அதுதான் கறிக்கு. ம்ம். இனித் தராசில வைச்சு நம்பரை அமத்துங்கோ.

– அமத்திட்டன்.

– வாழைப்பழத்தை அமத்திப்போட்டு நிக்கிறியள்.

– நம்பரெல்லாம் எறும்பு மாதிரிக் கிடக்கு.

– கண்ணாடி சேட்டுப் பொக்கற்றில கிடக்கு. எடுத்துப் போடுங்கோ. ஓம். இப்ப அமத்துங்கோ. பாத்தியளே, வருகுது. வெளிநாட்டில கிழவனாகிப் போற மட்டும் இருந்திட்டு ஒரு தக்காளி நிறுக்கத் தெரியாத மனுசன் நீங்கள் ஒராள்தான்.

– நீ இருக்கேக்க எனக்கெதுக்கு அது?

– இந்தத் தட்டையும் ஒருக்காப் பாருங்கோ. நத்தார் வரேக்க கேக்குக்கு றவ்வை இதிலதான் இருக்கும். மஞ்சள் பெட்டியை எடாதேங்கோ, அது பருமன். நீலத்தை எடுங்கோ.

– நத்தாருக்கு இன்னும் எவ்வளவு காலம் கிடக்கு. நீதானே கேக் அடிக்கப்போறாய்?

– ஷரோன் அடிப்பாள். நீங்கள் சாமானை வாங்கிக் குடுத்தால் போதும்.

– ரெண்டு கிழமையில வீட்டை வாற ஆள் ஏன் நத்தார்க் கதை கதைக்கிறாய்?

– கண்ணில பட்டுது, கதையோட கதையாச் சொன்னனான். தள்ளுங்கோ வண்டிலை.

– றீற்றா, ஷரோன் டொக்டரிட்டை வடிவாக் கேட்டவளோ?

– கேட்டவள். பாவம் அந்தப் பெட்டை. பள்ளிக்கூடம் போற வயசிலயிருந்து எங்களுக்கு மொழிபெயர்த்தே களைச்சுப்போனாள். விசாக் கந்தோர், வீட்டுக்காரன், உங்கட தோள்மூட்டு டொக்டர். இப்ப இது. டொக்டர் டொச்சில நெடுநேரம் கதைச்சவர். இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பேந்து என்ர பக்கம் திரும்பி ஒரே ஒரு வசனம் சொன்னாள். ‘சின்ன ஒப்பரேசன் அம்மா, பயப்பிடாதேங்கோ.’

– ஒரு வசனமோ?

– ஒரு வசனம்.

– டொச்சு நீட்டுப் பாஷை. தமிழில சுருக்கமாத்தான் வரும்.

– ஓம். சுருக்கமாத்தான் வரும்.

– ஏன் நிக்கிறாய்? நோகுதோ?

– இல்லை. மீன் ஞாபகம் வந்திது. மீனுக்கு இஞ்ச வராதேங்கோ. குகதாசன் அண்ணையின்ர தமிழ்க்கடைக்கு வியாழக்கிழமை வந்து இறங்கும், அண்டைக்கே போங்கோ. வெள்ளிக்கிழமை போனால் கண் சிவந்த மீன்தான் மிச்சம். அவர் ஊர்க்கதை, கோயில் சண்டை எல்லாம் எடுத்து விடுவார். கதைச்சுக் கதைச்சே வாடின கத்தரிக்காயைப் பையின்ர அடியில போடுவார். காதைக் கதைக்குக் குடுங்கோ, கண்ணை அவற்றை கையில வையுங்கோ.

– அவனை எனக்குத் தெரியாதே? மன்னார்க் கருவாடு எண்டு சொல்லித் தாய்லாந்துக் கருவாடு வித்தவன்.

– இஞ்சேருங்கோ, எங்கை போறியள்? அந்தப் பக்கம் வேண்டாம்.

– காசு கட்டுற மெசின் சும்மாதானே நிக்குது. கெதியா அடிச்சுப்போட்டுப் போவம்.

– வேண்டாம். மெசினிட்டை ஒரு நாளும் போகாதேங்கோ. ஆள் இருந்து காசு வாங்குற காசாவில நில்லுங்கோ. வரிசை எவ்வளவு நீளமெண்டாலும் பறவாயில்லை.

– உனக்கென்ன விசரோ? நிக்கேலாமல் நிக்கிறாய், இவ்வளவு சனத்துக்குப் பின்னால நிக்கச் சொல்லுறாய்.

– அந்தக் கண்ணாடி போட்ட மனுசியைப் பாருங்கோ. நான் வேலையால வந்து சாமான் வாங்கேக்க, வெள்ளையள் எண்டு என்னோட கதைக்கிறது அவ ஒராள்தான். ‘எப்பிடிச் சுகம், பிள்ளையள் எப்பிடி, நல்லா ஓய்வெடுங்கோ’ எண்டு சொல்லி அனுப்புவா. நாலு சொல்லுத்தான். அதோட வீட்டை போக ஒரு தெம்பு. மெசின் அதைச் சொல்லாது. கிழமைக்கு ஒராளாவது உங்களோட கதைக்க வேணும்.

– ஏன், நீ கதைக்கமாட்டியோ?

– நான் ஆஸ்பத்திரியில கிடக்கிற நேரத்துக்குச் சொல்லுறன்.

– ஓம். அந்த நேரத்துக்கு.

– வரிசை நகருது. தள்ளுங்கோ.

– பையைத் தா, நான் கொண்டுவாறன். மற்றத் தோள் நல்லாத்தான் இருக்கு. பஸ் வரப்போகுது, மெல்ல நட.

– பஸ்ஸை விடுங்கோ. உங்கட கெபாப் கடைக்குப் போவம்.

– எங்கை?

– அந்தா, றோட்டுக்கு மற்றப் பக்கம், சிவப்புப் பெயர்ப்பலகை. இவ்வளவு காலமும் அந்த வாசலால பஸ்ஸில போயிருக்கிறன், ஒரு நாளும் உள்ளுக்குப் போனதில்லை. உங்கட சேட்டில அந்த எண்ணெய் மணத்தைத் தோய்ச்சுத் தோய்ச்சே என்ர கை வெடிச்சது. அது எங்கயிருந்து வந்ததெண்டு ஒருக்காப் பாக்க வேணும்.

– உனக்கு உந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது.

– ஒரு வாய் திண்டால் என்ன குடி முழுகிப்போகுமோ? பிள்ளையள் சின்னனில அழுதும் கூட்டிக்கொண்டு போகேல்லை நீங்கள். ‘அது குப்பைச் சாப்பாடு’ எண்டு சொல்லிச் சொல்லியே ஏமாத்திப்போட்டியள்.

– குப்பைச் சாப்பாடு இல்லையப்பா. நான் குனிஞ்சு நிண்டு நிலம் துடைக்கிற இடத்தில என்ர பிள்ளையள் வந்து கதிரையில இருந்து சாப்பிடுறதோ? முதலாளி ‘ஏய் லோறன்ஸ், இஞ்ச துடை’ எண்டு கத்துவான். அதை அதுகள் பாக்கிறதோ?

– நான் ஆஸ்பத்திரியில கக்கூசு கழுவினனான். அதே ஆஸ்பத்திரியில, அதே மாடியில, கட்டிலில படுக்கப்போறன். எனக்கு வெக்கமில்லை. உங்களுக்கேன்?

– வா. கையைப் பிடி. பச்சை லைட் விழட்டும்.

– லோறன்ஸ் அண்ணை! கடைப் பக்கமே காணேல்லை! இது அக்காவே?

– ஓம், துஷாந்தன். என்ர மனுசி. றீற்றா, இவன் துஷாந்தன். என்னோட அடுப்படியில நிண்டவன். இப்ப ரெண்டு பெட்டையளுக்குத் தகப்பன், எனக்குப் பதிலா இவன்தான் கடையைப் பாக்கிறான்.

– இருங்கோ அக்கா, கண்ணாடியோரமா இருங்கோ, காத்து வரும். அண்ணை தோள்மூட்டு வருத்தத்தோட வேலையால நிண்டாப்பிறகு இஞ்ச முசுப்பாத்தியே இல்லை. அக்காவின்ர மீன்குழம்பைப் பற்றி ஒவ்வொரு நாளும் சொல்லி எங்கட வயித்தெரிச்சலைக் கொட்டிக்கொள்ளுவார்.

– இவரோ? வீட்டில உப்புக் கூடக் குறையெண்டு வாய் திறவாத மனுசன்.

– டேய், கதையை விட்டிட்டு ஒரு கெபாப் போடு. சின்னனாப் போடு. உறைப்பு வேண்டாம்.

– பேற்றர்லி போடட்டோ அக்கா? ஐயோ, இந்த இலைக்கு அண்ணையிட்டை வாங்கின பேச்சை நான் மறக்கமாட்டன். வந்த புதுசில ‘பேற்றர்லி முடிஞ்சுது, ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வா’ எண்டார். நான் கொத்தமல்லியைக் கொண்டுவந்திட்டன். அந்த மூலையில நிண்டபடியே, மணக்கவுமில்லை ஒண்டுமில்லை, ‘டேய் மொக்கா, பேற்றர்லி முனை கூர், கொத்தமல்லி ஓரம் வட்டம், கண்ணில்லையோ’ எண்டு அந்த இலைக்கட்டைத் தூக்கி எறிஞ்சார். அதுக்குப் பேந்து ஒருத்தரையும் நம்பாமல் ஒவ்வொரு நாளும் தானே போவார், உந்த எதிர்க் கடைக்கு. தக்காளியைத் தராசில வைச்சால் நம்பரைப் பாக்கவும் மாட்டார், கை தன்ர பாட்டில போகும்.

– துஷாந்தன், இறைச்சி கருகுது. போய்ப் பார்.

– அட, ஓம் அண்ணை. இந்தா வாறன் அக்கா.

– இஞ்சேருங்கோ.

– சாப்பாடு வரட்டும்.

– என்னைப் பாருங்கோ. உந்த எதிர்க் கடை. நாங்கள் இப்ப வந்த கடை.

– ஓம்.

– அப்ப அந்த வாழைப்பழம்?

– தெரிஞ்சுதான் அமத்தினனான்.

– வான்கோழி?

– அதுவும்தான்.

– ஷரோன் உங்களிட்டைச் சொல்லிப்போட்டாள்.

– முந்தநாள். கார் பார்க்கில வைச்சு அழுதுகொண்டு சொன்னவள். வெட்டிப் பிரயோசனமில்லையாம். நோகாமல் வைச்சிருக்கத்தான் திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில மறிக்கினமாம். அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு கும்பிட்டவள்.

– அம்மாவுக்கு அண்டைக்கே தெரியும். அந்த மாடியைத் துடைச்சவள் நான். ஒப்பரேசன் எண்டால் டொக்டர்மார் நிண்டபடி சொல்லிப்போட்டுப் போவினம். இதுக்குத்தான் கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்ட இருப்பினம். அந்தாள் கதிரையை இழுத்தவர்.

– நீ ஒண்டும் சொல்லேல்லையே, றீற்றா.

– பெட்டை கஷ்ரப்பட்டு ஒரு வசனம் சொல்லியிருக்கிறாள். அதை ஏன் உடைப்பான் எண்டு விட்டிட்டன். உங்களை ஒரு கரை சேர்த்துப்போட்டுப் போவம் எண்டு கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். எல்லாம் தெரிஞ்ச மனுசன், என்னை இந்த ஏலாத உடம்போட தட்டுத் தட்டா அலைய விட்டியள். ஏன்?

– விடப்பா.

– இல்லை, சொல்லுங்கோ. பேற்றர்லியைக் கையில வைச்சுக்கொண்டு ஏன் அப்பிடி நிண்டனீங்கள்?

– கொத்தமல்லி எதெண்டும் தெரியாதவனை நீ தனிய விட்டிட்டுப் போகமாட்டாய் எண்டு நினைச்சன்.