இந்தா வந்திட்டன்

செருப்பு வைக்கும் தட்டிலேயே கைபேசியையும் வைத்துவிட்டு வந்ததற்கு நன்றி, தம்பி அருந்தவன். இந்த வீட்டில் அது ஒரு வழக்கம். மணிக்கூட்டையும் கழற்றச் சொன்னேன் என்று மனத்தாங்கல் வேண்டாம். இந்தக் காலத்து மணிக்கூடுகள் நேரம் சொல்வதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்கின்றன.

கதிரையில் இருங்கோ. ராதா தேத்தண்ணி போடுகிறா. குசினியில் அகப்பைச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தீர்களோ? காது இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். இருக்கட்டும். நாற்பத்தொரு வருடமாக என்னைக் கேட்டுக் களைத்த காது அது.

நீங்கள் கம்பனியின் விசாரணைக் குழுவிலிருந்து வந்திருக்கிறீர்கள், பிரவீணாவின் பெயரில் இருக்கும் ஒரு நிரல் வரியைப் பற்றிக் கேட்க. வியாழக்கிழமை அவளை விசாரிக்கிறார்கள். பிழை அவளுடையது என்று முடிந்தால் வேலை போகும். அந்த வேலையோடு ஒட்டியிருக்கும் விசாவும் போகும். எனக்குத் தெரியும். நான் ஓய்வுபெற்றவன்தானே, செத்தவன் இல்லையே.

சொல்கிறேன். அடியிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

எங்கள் டேட்டாபேஸ் எத்தனை கிளினிக்குகளில் ஓடியது தெரியுமோ? இந்தக் கண்டத்தில் ஒருவர் தும்மினால், அது முதலில் எங்களிடம் பதிவாகிவிட்டுத்தான் காற்றில் கலக்கும். முன்மேசையில் பதிவது பிரதான டேட்டாபேஸுக்குப் போகும். உள்ளே மருத்துவர் பார்க்கும் திரை அதன் நகலிலிருந்து வாசிக்கும். பிரதானம் தான் செய்ததையெல்லாம் லொக் என்ற பதிவேட்டில் வரிசையாக எழுதி அனுப்ப, நகல் அந்த லொக்கை வாங்கி, ஒவ்வொன்றாகத் தானும் செய்யும். லொக் கைக்கு வந்தால் போதாது, செய்து முடிக்கவேண்டும். அதுவரை வாசிக்க வருபவரை வாசலில் மறித்து வைக்கவேண்டும். அப்படி மறித்துவைக்கும் நிரலை எழுதியவன் இந்த இந்திரகுமார்தான். மூன்று ஃபைல்களில் பரந்து கிடந்தது. அச்சடித்து விரித்தால் இந்த நார்த்மீட் வீட்டிலிருந்து ப்ளூ மவுண்டன்ஸ் மலைவரை போய்த் திரும்பி வரலாம்.

தொடக்கத்தில், மூன்று விநாடிக்குள் நகல் செய்து முடிக்காவிட்டால் திரையில் சிவப்புப் பெட்டி வரும்: இன்னும் வரவில்லை. கிளினிக்காரருக்குச் சிவப்புப் பிடிக்கவில்லை. நாளுக்கு நூறு முறைப்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அந்தப் பதிலை மாற்றினேன். மூன்று விநாடி கழிந்தால், வந்தாலும் வராவிட்டாலும், வந்திட்டுது என்று சொல்லும். தற்காலிகம் என்று மேலே ஒரு குறிப்பும் எழுதினேன். பிறகு குறிப்பை அழித்துவிட்டேன். பார்க்க அழகாக இல்லை.

இதைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். நீங்களும் எங்கள் பக்கத்து ஆள்தானே. நான் மெரிலேண்ட்ஸ் மீன்கடையில் மீன் பார்த்துக்கொண்டு நிற்பேன். ராதா போன் எடுத்து, "எங்கை நிக்கிறியள்?" என்பா. "இந்தா வந்திட்டன்" என்பேன். மீனுக்குக் கடைக்காரன் அப்போதுதான் செதில் உரித்துக்கொண்டிருப்பான். புறப்பட மனம் வந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். என் பிரியாவிடை விருந்தில் ராதா எழும்பி, "இவர் வந்திட்டன் எண்டு சொன்னாத்தான் நான் உலைக்கு அரிசி கழுவத் தொடங்குவன்" என்று சொல்ல, மண்டபமே அதிர்ந்தது. ஒரு வெள்ளைக்காரன் சிரித்துச் சிரித்து மேசைக்குக் கீழே போய்விட்டான். இன்னும் அங்கேதான் கிடக்கிறானோ தெரியாது.

பத்து வருடம் அந்த வரி ஒருவரையும் கடிக்கவில்லை. ஓய்வுபெற நாலு மாதம் இருக்கும்போது ஒரு கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. ஒரு குழந்தைக்கு மாற்றி எழுதிய மருந்தளவு திரையில் பழையபடியே காட்டியிருக்கிறது. தாதி கண்டுபிடித்துத் தடுத்துவிட்டா. நான் என் வரியைத் திறந்து பார்த்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் விளங்கிவிட்டது.

திருத்த ஐந்து நிமிடம் போதும். ஆனால் திருத்தினால் ஏன் என்று எழுதவேண்டும். எழுதினால் பத்து வருடத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டும். மண்டபம் எடுத்தாகிவிட்டது, கேக்கில் என் படமும் போடச் சொல்லியாகிவிட்டது. உங்கள் பக்கத்து இணையம் மெதுவாக இருந்திருக்கலாம் என்று கிளினிக்குக்குப் பதில் போட்டேன். உலகத்தில் மெதுவான இணையம் எத்தனை பேரின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று யாராவது ஆராய்ந்து பார்க்கவேண்டும்.

பிறகுதான் ஒழுங்குபடுத்தும் யோசனை வந்தது. மூன்று ஃபைல்களில் கிடப்பதை ஒரே ஃபைலுக்குக் கொண்டுவருவது. எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நல்ல யோசனைதான். அந்த வேலையைப் பிரவீணாவிடம் கொடுத்தேன். வவுனியாவிலிருந்து படிக்க வந்து, எங்களிடம் சேர்ந்து எட்டு மாதமான பிள்ளை. சரியான கெட்டிக்காரி. நிறையக் கேள்வி கேட்பவள். அதனாலேயே எனக்கு அவள்மேல் முதல்நாளிலிருந்து ஒரு சந்தேகம்.

எங்கள் தொழிலில் பிளேம் என்று ஒரு கட்டளை உண்டு. எந்த வரியிலும் வைத்து அழுத்தலாம், கடைசியாக அதைத் தொட்டவரின் பெயரைக் காட்டும். பழி என்றுதான் பொருள், வைத்தவன் ஒளித்து வைக்கவில்லை. வரியைப் புது இடத்துக்குத் தூக்கி வைத்தவரின் பெயரே பிறகு அதில் நிற்கும். பழைய சரித்திரத்தைத் தோண்டினால் முதல் எழுதியவன் வருவான். ஆகவே நிரலைக் கொண்டுபோய் வைக்கும் புதுக் களஞ்சியத்துக்குப் பழைய சரித்திரம் தேவையில்லை, வீண் பாரம் என்று சொன்னேன். அந்தச் சரித்திரம் கிடந்த பழைய சேவர் கணினியை மூடும் கடிதத்தில் கையெழுத்து வைத்ததும் நான்தான். நல்ல பேனா. விருந்துக்கு முன்கூட்டியே தந்த பரிசு.

அவள் ஒரு மத்தியானம் வந்தாள்.

"அங்கிள், மூண்டு விநாடி போனாப் பிறகு இது ஏன் வந்திட்டுது எண்டு சொல்லுது? வரேல்லையே."

"வந்திட்டுது எண்டா வந்திட்டுதுதான், பிள்ளை. எழுத்தை மாத்தாதையும். இடத்தை மட்டும் மாத்தும்."

"சரியா ஓடுதோ எண்டு ஒரு ரெஸ்ட் எழுதிப் பாக்கட்டோ?"

"நீர் வீடு மாறேக்கை அலுமாரிக்குள்ளை இருக்கிற உடுப்பெல்லாத்தையும் போட்டுப் பாத்தோ லொறியிலை ஏத்துறனீர்?"

சிரித்தாள். "அங்கிளோடை கதைச்சு வெல்லேலாது" என்றாள். போய் அப்படியே மாற்றினாள், ஒரு காற்புள்ளி பிசகாமல். அன்றிலிருந்து அந்த வரி அவளுடையது.

இந்தப் பங்குனியில் கிரான்பர்னில் ஒரு கிளினிக்குக்கு மலேசியாவிலிருந்து வந்த புஷ்பவல்லி என்ற அம்மா போனா. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று முன்மேசையில் சொன்னா. அங்கிருந்த பிள்ளை அந்தக் கணமே பதிந்தாள். உள்ளே திரை மூன்று விநாடி பொறுத்தது. நகல் அன்று பின்தங்கி நின்றது. திரை, எல்லாம் வந்திட்டுது, ஒவ்வாமை ஒன்றும் இல்லை என்றது. ஊசி போட்டார்கள். அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. ஐம்பத்தெட்டு வயது. என்னைவிட ஒன்பது வயது இளமை. கேட்டபோது எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் நான் சோறு குறைத்துத்தான் சாப்பிட்டேன்.

சொன்னது பிரவீணாதான். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன், போன் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "அங்கிள், அது என்ரை பிழையோ?" என்று கேட்டாள்.

நான், "ஓம்" என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும், தம்பி. நாங்கள் ஆமோதிப்பதற்கும் ஓம் சொல்கிறோம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ஓம் சொல்கிறோம். நான் எந்த ஓம் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொல்வது மரியாதையாகப் படவில்லை.

நீங்கள் எப்படி என்னிடம் வந்தீர்கள் என்பதும் தெரியும். அந்த வரிக்கு மேலே அவள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். தமிழ், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். 'விளங்கேல்லை. அங்கிளைக் கேட்டனான். வந்திட்டுது எண்டா வந்திட்டுதுதான் எண்டார்.' குழுவிலிருந்த மற்றவர்கள் விசைப்பலகைக்கு மேலே பூனை நடந்திருக்கிறது என்று நினைத்தார்களாம். நீங்கள் ஒருவர்தான் வாசித்தீர்கள். வந்திட்டுது என்றால் இன்னும் வரவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். என் முன்னால் சிரித்துவிட்டுப் பின்னால் போய்க் குறிப்பு எழுதியிருக்கிறாள், பாருங்கோ. என்னில் நம்பிக்கை இல்லாத பிள்ளை. நான் சந்தேகப்பட்டது சரிதானே.

ஓம், நான்தான். வரி என்னுடையது. அது ஒருநாள் ஆளை விழுத்தும் என்று தெரிந்துதான் அவள் கையில் கொடுத்தேன். என் கையில் இருக்கக்கூடாது என்பதற்காகவே கொடுத்தேன். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது.

நான் சொன்னதை எழுதிய அந்தக் கடதாசியை மடித்து வையுங்கோ. கையெழுத்து இப்போது வேண்டாம். முன்னறையில் இருந்து கையெழுத்து வைத்து அனுப்புவது ஒரு பெரிய மனுசனுக்கு அழகில்லை. வியாழக்கிழமை நானே நேரில் வந்து, எல்லோருக்கும் முன்னால், அவளுக்கும் முன்னால், என் வாயால் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான், அதில் குறை வைக்கமாட்டேன். இன்றைக்கே அவளுக்குச் சொல்லிவிடுங்கோ. பயப்படவேண்டாம், அங்கிள் இந்தா வந்திட்டார் என்று.

தேத்தண்ணியை இன்னும் காணவில்லை. குசினியில் ராதா அரிசி கழுவத் தொடங்கிவிட்டா. ஏன் என்று தெரியவில்லை. இன்னும் பத்து மணிகூட ஆகவில்லை.