அன்பளிப்புக்கு ஒரு கால்மிதி

பேனா கொடுப்பதைப் போல வீண் வேலை வேறில்லை, ஐயா. உங்கள் மேசையிலேயே பாருங்கள், யாரோ ஒரு கடைக்காரர் கொடுத்த பேனா கிடக்கிறது. எந்தக் கடை என்று திருப்பிப் பார்க்காமல் உங்களால் சொல்ல முடியாது. காலண்டர் கதவுக்குப் பின்னால் போய்விடும். சாவிக்கொத்து இழுப்பறைக்குள் போய்விடும். துணிப்பையைப் பையோடு பையாக மடித்து வைத்துவிடுவார்கள். இவை எல்லாவற்றையும் நானே தேர்ந்தெடுத்து, நானே கொடுத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் கடை வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்குமானது. வாக்கர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி விற்போம். தலைப்பக்கத்தை உயர்த்தக்கூடிய கட்டில்களை வாடகைக்கு விடுவோம். கடையை ஆரம்பித்தவர் என் அண்ணன். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்ததும், கடையில் பாதி உனக்கு என்று சொன்னதும் அவர்தான். மேல்மாடியில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதில் வருத்தமும் இல்லை.

அண்ணன் நல்லவர். வியாபாரத்துக்கு ஆகாத அளவுக்கு நல்லவர். சக்கர நாற்காலி கேட்டு வந்தவரை உட்காரவைத்து, "அம்மா நடக்கிறாங்கல்ல, அப்புறம் எதுக்குங்க இது? உட்கார்ந்து பழகிட்டா எந்திரிக்கவே மாட்டாங்க. சுவத்துல ஒரு கைப்பிடி வெச்சுக் கொடுங்க, போதும்," என்று அனுப்பிவிடுவார். கைப்பிடி நாங்கள் விற்பதில்லை. அது கிடைக்கும் இரும்புக் கடைக்கு வழியும் அவரே சொல்வார். நான் கல்லாவில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு வைத்த புதுக் கடை ஒன்று வந்த பிறகு, எங்கள் கடைக்கு ஈயும் வரவில்லை.

வருடக் கடைசியில் கொடுக்கும் அன்பளிப்பை மட்டும் முழுக்க என்னிடம் விட்டிருந்தார். "அதெல்லாம் உனக்குத்தான்டா வரும்," என்பார். உண்மைதான். எனக்கு அதில் ஒரு ரசனை உண்டு. கடை தேவைப்படும் நேரத்தில் அன்பளிப்பு கண்ணெதிரே இருக்க வேண்டும். எங்கள் கடை ஒருவருக்கு எப்போது தேவைப்படும்? விழுந்ததும். வயதானவர்கள் எங்கே விழுவார்கள்? குளியலறையில். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் யோசித்திருப்பீர்கள்.

அன்பளிப்புப் பொருள்கள் சப்ளை செய்பவர் எப்போதும் பெட்டியும் கையுமாக வருவார். 'சாம்பிள்' என்றே அவரைக் கூப்பிடுவோம். இரண்டு கால்மிதிகளைக் கொண்டுவந்தார். ஒன்றின் அடியில் ரப்பர் குமிழ்கள், ஈரத் தரையைக் கவ்விப் பிடிக்கும். இன்னொன்று மெத்தென்று, பார்க்க அழகாக இருந்தது. அதன் அடிப்பக்கம் வழவழப்பு.

"இது வாசலுக்கு சார். காய்ஞ்ச தரைக்குத்தான். பாத்ரூம்ல போட்டா ஆளைக் கவுத்துடும்," என்றார்.

"பார்க்க இதுதான் நல்லாருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். எதுக்கும் ரெண்டையும் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். எதையும் சோதிக்காமல் கொடுப்பவன் இல்லை நான். எங்கள் குளியலறையில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோப்பு நுரையும் விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். குமிழ் வைத்தது அசையவில்லை. மெத்தென்றது முதலில் சாதுவாகத்தான் இருந்தது. இரண்டாவது காலையும் எடுத்து வைத்து, உடம்பின் எடை அதில் இறங்கும் நேரத்தில் சறுக்கியது. சுவரைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன்.

மெத்தென்றதற்கே ஆர்டர் கொடுத்தேன். வாசலுக்குத்தான் என்று சாம்பிளிடம் சொன்னேன், அவரும் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று. எங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் ஓரத்தில் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்றேன். நடுவில் போட்டால் கால் மறைத்துவிடும். ஓரத்தில் என்றால் தரையில் கிடப்பவர்களுக்கும் கண்ணாடி இல்லாமல் தெரியும்.

வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் வாங்கி வாசலில் போடப் போனார்கள். "வாசலுக்கு இல்லீங்க, பாத்ரூமுக்கு. கால் சில்லிடாம இருக்கும்," என்று உள்ளே போய் விரித்தும் கொடுத்தேன். தனியாக இருப்பவர்களிடம் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பேசினேன். குளிக்கப் போகும்போது ஃபோனைக் கூடவே கொண்டுபோங்கள் என்று சொன்னேன். இந்த அக்கறையை எந்தக் கடைக்காரர் காட்டுவார், சொல்லுங்கள்.

எல்லாரும் விழுந்துவிடவில்லை. இன்றைக்கும் அதன்மேல் நின்று நிம்மதியாகக் குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் கூப்பிட்டவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். "தம்பி, பாத்ரூம்ல விழுந்து கிடக்கேன். கண்ணாடி இல்லாம ஃபோன்ல பேரு ஒண்ணும் தெரியல. உங்க நம்பர்தான் பெருசாத் தெரிஞ்சுது," என்றார். உடனே ஓடினேன். ஆள் பிடித்துக் கதவை உடைத்துத் தூக்கியதும் நான்தான். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்," என்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எங்கள் கட்டில் ஒன்று அவர் வீட்டுக்குப் போனது. அதைவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. கட்டில் திரும்பி வந்ததும் நானே துடைத்து, அடுத்த வீட்டுக்கு அனுப்பினேன். அதற்குள் கேட்டிருந்தார்கள்.

பிறகு கடையில் நிற்க நேரமில்லை. அண்ணனுக்குத்தான் முகம் வாடிப்போனது. "ஏன்டா எல்லாரும் ஒரேயடியா விழறாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். வயசு அண்ணே என்றேன்.

ஒரு நாள் தையல்காரர் ஒருவரின் வீட்டில் கட்டிலைப் பொருத்தப் போன அண்ணன், அங்கே கிடந்த கால்மிதியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கடைத் தரையில் தண்ணீர் ஊற்றி அதை விரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்து அழுத்தினார், அது சறுக்கிக்கொண்டு போனது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்தையும் திரும்ப வாங்கணும்டா. நாளைக்கே. என்ன ஆச்சுன்னு சொல்லித்தான் வாங்கணும்."

"சொன்னா கடை போயிடும்ண்ணே."

"போகட்டும். ஆளுங்க போறாங்களேடா." எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "உனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த சாம்பிள் ஏமாத்திட்டான். காலைல முதல் வேலையா அவனைப் பார்க்கலாம்."

என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் காலையில் வந்துவிடும். சாம்பிள் வாயைத் திறந்தால், சொன்னேனே சார் என்பார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையை என்னால் தாங்கியிருக்க முடியாது. அவருக்கும் அது எவ்வளவு பெரிய வேதனை, யோசித்துப் பாருங்கள்.

அண்ணி உங்களிடம் சொன்னது சரிதான். அந்தக் கால்மிதி கீழே கடையில்தான் இருந்தது. அது தானாக மாடி ஏறி வரவில்லை. வீட்டில் முதலில் குளிப்பவர் அண்ணன். மறுநாள் விடிந்ததும் அவருக்கு முன்னால் எழுந்து, கீழே போய் அதை எடுத்து வந்து, எங்கள் பழைய கால்மிதி கிடந்த இடத்தில் விரித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அவருக்கு இரண்டும் ஒன்றுதான். தண்ணீர் ஊற்றினேன். நுரையும் விட்டேன். பிறகு அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அண்ணி ஓடினார். ஆம்புலன்சுக்கு ஃபோன் செய்தது நான்.

கொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தால் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவேனா? காலோ இடுப்போ முறிந்தால் சில வாரம் படுத்திருப்பார். அதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சத்தமில்லாமல் கால்மிதிகளை மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். தலை குழாயில் போய் மோதும் என்று எதிர்பார்க்கவில்லை. மாற்றினாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. கடையில் நான் ஒற்றை ஆள், எங்கே நேரம்? நேற்றுகூட ஒருவர் கூப்பிட்டார், விழுந்துவிட்டேன் என்று.

அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பேச்சும் இல்லை. கடையிலேயே நல்ல கட்டிலை அவருக்குத்தான் போட்டிருக்கிறேன். உடம்பு புண்ணாகாமல் அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அண்ணியால் தனியாக முடியாது. அதனால் என் வாக்குமூலத்தைச் சீக்கிரம் எழுதி முடித்தீர்களென்றால் நல்லது. நான் இல்லாமல் அவர் தவித்துப்போவார். அறைக்குள் நுழைந்ததுமே அவர் கண் என்மேல் வந்து நிற்கும், நான் வெளியே வரும்வரை ஒரு நொடிகூட நகராது. சின்ன வயதிலிருந்தே என்மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.