மாலை போட்ட பஸ்ஸும் தாய்லாந்து தாலுகாவும்

…அதான் கேக்கறேன், ஒரு டவுன் பஸ்ஸு மொதமொதல்ல ஊருக்குள்ள வந்துட்டா இவ்ளோ ஆர்ப்பாட்டமாக்கா? வந்துச்சா, ஆள ஏத்துச்சா, போச்சான்னு இல்லாம மேளம் இன்னா, மாலை இன்னா, டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் இன்னா… கண்டக்டருக்கும் துண்டு. அவரு விசில் ஊதுவாரா, துண்ட மடிப்பாரா?

விழுப்புரத்துல பத்து மணிக்கு எனக்கு செமினாரு. இந்தவாட்டியும் பேசலைன்னா மார்க்கே இல்லன்னுட்டாரு சாரு. அதுக்குன்னே இருட்டோட செஞ்சி போயி, கலர்ல படமெல்லாம் பிரிண்ட் எடுத்துனு இதே பஸ்ஸுல ஏறி வரேன். தலைப்பா? தாய்லாந்துல ஒரு கிராமத்து வட்டம்.

சிரிக்காதீங்கக்கா. நம்ம தாலுகா மாதிரி அங்க அம்ஃபோன்னு ஒண்ணு. அதிகாரி மேலேர்ந்து வருவாரு, ஊர்த்தலைவர ஜனமே ஓட்டுப் போட்டு எடுக்கும். மாசாமாசம் தலைவருங்கள கூப்ட்டு அதிகாரி பேசுவாரு, அவங்க காலைல ஊர் மைக்குல சொல்லிடுவாங்க. முடிஞ்சுது. ஊருக்குப் பேரும் உண்டு, நம்பரும் உண்டு. இங்க நம்பர் குடுத்துப் பாருங்க… ஒண்ணாம் நம்பர் எந்த ஊருக்குன்னு கோர்ட்டுக்குப் போய்டுவாங்க.

அங்க நெலம் எப்டியா? வடகிழக்குப் பக்கம் நம்மளாட்டம் மழைய நம்பின நெல்லுதான். அரிசிதான் பிசுபிசுன்னு ஒட்டும், உருட்டி உருட்டித் துன்றாங்க. முன்ன அங்கங்க குட்டி ராஜாங்க இருந்தாங்களாம். பாங்காக்குலேர்ந்து அதிகாரிங்கள அனுப்பி எல்லாத்தையும் ஒரே ஆட்சியாக்கிட்டாங்க. நம்ம செஞ்சிக் கோட்டைக்கும்தான் நாயக்கரு, பீஜப்பூர்க்காரன், மராட்டியரு, முகலாயன், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன்னு வந்தாங்க. மலைமேல ஏறனாங்களே தவிர ஒருத்தனாவது எங்கூருக்கு பஸ்ஸு வுட்டானா?

இதத்தான் ஜமாபந்தியில, தாலுகாபீஸ்ல மனு வாங்குவாங்களே அங்க, நின்னு கேட்டேன். தாய்லாந்துல இப்டியான்னு கேட்டேன். தாய்லாந்து எந்தப் பக்கம்னு தெரியாமலே எங்கூரே கைதட்டுச்சு.

…ஆமாக்கா. மனு குடுத்தது நான்தான். வெண்மதி, வெண்மதின்னு கூவறாங்களே, அது நான்தான். நான் வந்து தேங்கா ஒடச்சாத்தான் வண்டிய எடுக்க வுடுவாங்களாம். அதோ எங்க நைனா, என்னத் தேடி வூட்டாண்ட ஓடுது. நான் செஞ்சி போனது அதுக்கே தெரியாது.

எறங்கி ஒடச்சுட்டு வரதா? பேசறீங்களே. அங்க மைக்கப் புடிச்சினு நிக்கறாரு பாருங்க ஆதிமூலம் மாமா, அவரு பேசி முடிக்கவே செமினாரு முடிஞ்சுடும். அப்பறம் என்னையும் பேசச் சொல்லுவாங்க. மைக்கு கைக்கு வந்தா நான் சும்மா வருவனா? எனக்கே என்ன நெனச்சாதான் பயமா இருக்குது. அதான் துப்பட்டாவ தலைமேல போட்டுனு ஒக்காந்துருக்கேன்.

பஸ்ஸு நிக்கறது என்னாலதான்னு சொல்றீங்களா? மரியாதை பண்றாங்கன்னு வண்டிய மறிக்கறது எந்த ஊரு நியாயம்? பேசி முடிவு பண்ணிடலாம், நீங்க சொல்லுங்க… இன்னாக்கா எழுந்துட்டீங்க? உங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாவுதா? மொதல்லயே சொல்லிருக்கலாமே.

ஜன்னலாண்ட எதுக்குப் போறீங்க? அக்கா, கைய உள்ள எடுங்க. அவரக் கூப்டாதீங்க. என்னக் காட்டாதீங்க…

வணக்கம் மாமா. இல்ல மாமா, இப்பதான் பார்த்தேன். இதோ எறங்கறேன். தேங்கா மட்டும் ஒடைக்கறேன், பேச்செல்லாம் வாணாம்.

…மைக்கா? சரி குடுங்க, ரெண்டே வார்த்தை. எல்லாருக்கும் வணக்கம். தாய்லாந்துல இன்னா பண்றாங்கன்னா…